விழா நாளின் வரிசையை மாற்றுங்கள்

பட்டமேற்படிப்புத் துறைத் தலைவர்களுக்கும் மாணவர் சங்க விழாக் குழுவினருக்கும்,

வணக்கம். ஞாயிறு காலை பந்தாட்டம், மதியம் விருந்து, மாலை மது, திங்கள் காலை 9 மணிக்கு ஆய்வேட்டின் அத்தியாய வரைவு. இந்த நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். விழாவும் வேண்டும், படிப்பும் வேண்டும். அதனால் முதல் கோரிக்கை துறைத் தலைவர்களுக்கு: விழா வாரத்தில் வரைவுக்கான கெடுநாளைப் புதன்கிழமை மாலைக்குத் தள்ளுங்கள். சமைப்பவர்களும் ஆடுபவர்களும் பெரும்பாலும் அதே பத்துப் பேர்தான். சனி, ஞாயிறு இரண்டும் அவர்களுக்குப் போய்விடுகின்றன.

மற்றவை விழாக் குழுவினருக்கு: ஆட்டத்தை விருந்துக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். வாரம் முழுக்க மேசைமுன் உட்கார்ந்தவர்கள் மைதானத்தில் இறங்கியவுடன் முழு வேகத்தில் ஓடினால் பின்தொடைத் தசை இழுத்துக்கொள்ளும், கணுக்கால் பிசகும். 15 நிமிடம் மெல்ல ஓடி, பக்கவாட்டில் நகர்ந்து, ஒற்றைக்காலில் நின்று உடலைச் சூடாக்கிய பிறகே பந்தைத் தொட வேண்டும். ஓரத்தில் ஓர் எடைக்கருவி வையுங்கள். ஆட்டத்தில் ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்புச் சேர்ந்த உணவோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

சமையலில்தான் அதிகம் கெடுகிறது. வீட்டில் நான்கு பேருக்குச் சமைத்த அளவை அப்படியே பதினைந்தால் பெருக்கிவிடுகிறார்கள். பெரிய பாத்திரத்தில், உள்ளிருக்கும் அளவோடு ஒப்பிட்டால் வாய்ப்பரப்பு குறைவு. நீர் அந்த விகிதத்தில் ஆவியாகாது. அதனால் சோறு குழைகிறது, குழம்பு நீர்த்துப் போகிறது. 60 பேருக்கு, ஆளுக்கு 80 கிராம் வீதம், சுமார் 5 கிலோ அரிசி. அதை ஒரே அண்டாவில் போட்டால் அடி கருகும், மேலே அரைவேக்காடாக நிற்கும். இரண்டரை கிலோவாக இரண்டு பாத்திரத்தில் வையுங்கள். தண்ணீரைக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைத்து ஊற்றி, போதாவிட்டால் கொதிநீர் சேருங்கள்.

ராஜ்மா போடுவதானால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. கொதிநிலைக்குப் போகாத மெதுவான சூட்டில் அது அழியாமல் நின்றுவிடும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும்.

மிஞ்சிய சோற்றை மூடிப்போட்டு மேசையிலேயே விடாதீர்கள். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் கிருமியின் விதைத்துகள்கள் வேகும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பில் அவை முளைத்து, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நச்சை உண்டாக்கும். பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வையுங்கள். மீந்ததை அகலத் தட்டில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் சேர்த்துவிடுங்கள். அண்டாவோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தவர்களுக்கு, அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையல் வேலை தராதீர்கள்.

மதுவைப் பொதுப் பாத்திரத்தில் கலந்து அகப்பையால் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். யார் எவ்வளவு குடித்தார் என்று அவருக்கே தெரியாது. அளந்து, தனித்தனிக் குவளையில் கொடுங்கள். 5 விழுக்காட்டு பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். இரவு 10 மணிக்குள் நான்கு குடித்தவர் உடலில் நள்ளிரவு தாண்டியும் அது இருக்கும். தூக்கம் கலையும், மறுநாள் வாசித்தது மனதில் நிற்காது. ஆட்டத்தில் அடிபட்டவர்கள் இரண்டு மூன்று நாள் மதுவைத் தொடவே கூடாது, வீக்கம் கூடும். குடிக்காதவர்களுக்கான பானத்தைத் தனி மேசையில், தனிக் கரண்டியோடு, பெயர் எழுதி வையுங்கள். அதையும் நன்றாகச் செய்யுங்கள், வெறும் தண்ணீர் வைத்துக் கைகழுவாதீர்கள்.

ஆய்வகத்திலிருந்து எதையும் விருந்துக்கு எடுத்துவராதீர்கள். ஆய்வகப் பனிக்கட்டி உணவுக்கானதல்ல, உறைபெட்டியில் என்னென்ன இருந்ததென்று யாருக்கும் தெரியாது. ஆய்வக எத்தனால், அதாவது ஆல்கஹால், தூய்மையானது என்று நினைத்துப் பானத்தில் கலக்கிவிடுவார்கள். நீர் நீக்கும்போது சேர்த்த பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் அதில் எச்சமாக இருக்கலாம். உலர்பனியை (உறைந்த கார்பன் டைஆக்சைடு) மூடிய போத்தலில் போட்டால் வெடிக்கும்.

விழா நாளிலும் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்கு ஊடகம், அதாவது ஊட்டநீர், மாற்ற ஒருவர் போகத்தான் வேண்டும். பணிப்பட்டியல் எழுதும்போது முதலில் அவர் பெயரைக் குறித்து, சமையலிலிருந்து விடுவித்து, அவருக்கான சாப்பாட்டைச் சூடு ஆறுமுன் தனியே எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
துறை விளையாட்டு, சமையல் குழுவினர்