கூட்டுறவுச் சங்கத்துக்கு இடம் இருந்ததே!

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூரில் முப்பது வருடம் லேத் ஓட்டியவன் நான். கூட்டுப் பேரத்தையும் வேலைநிறுத்தத்தையும் அடிப்படை உரிமையாக்கக் கேட்டு எழுதுகிறேன். கூட்டுப் பேரம் என்பது தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தோடு பேசிச் சம்பளத்தை முடிவு செய்வது. எங்கள் தொழிற்சங்கம் பதிவானபோது அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினோம். அப்புறம் நான்கு வருடம் நிர்வாகம் எங்களைப் பேச்சுக்கே கூப்பிடவில்லை. பதிவு செய்த சங்கத்தோடு பேசித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டவில்லை.

அரசியல் சட்டத்தின் 19(1)(சி) சங்கம் அமைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் கூட்டுப் பேரமும் வேலைநிறுத்தமும் அந்த உரிமைக்குள் அடங்காது என்று வங்கி ஊழியர் வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உலை வைக்கலாம், அரிசி போடக் கூடாது என்கிற கதைதான். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1,70,000 பேரைத் தமிழக அரசு டிஸ்மிஸ் செய்தது. அது வழக்கானபோது, வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமை மட்டுமல்ல, தார்மீக உரிமைகூட இல்லை என்றது உச்ச நீதிமன்றம். சட்டத்தைச் சொன்னது சரி. தார்மீகத்தை எதற்கு இழுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

மிச்சம் இருப்பது சாதாரணச் சட்டம் தந்த உரிமை. அதை இன்னொரு சட்டம் சுருக்கிவிடும். சுருக்கியும்விட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால் சமரசப் பேச்சு தொடங்கிவிடும். பேச்சு நடக்கையில் வேலையை நிறுத்தினால் சட்டவிரோதம். பாதிப் பேர் பேசிவைத்து ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தமாம்!

சங்கம் அமைக்கும் உரிமையாவது லேசில் கிடைக்கிறதா? சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் வேலையை நிறுத்திவிட்டு 37 நாள் வெளியே நின்றார்கள். சங்கம் பதிவாக 2025 ஜனவரி ஆயிற்று. அதற்கும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. இதே 19(1)(சி)-யில் ‘அல்லது கூட்டுறவுச் சங்கங்கள்’ என்ற சொற்களை 97-ஆவது திருத்தம் சேர்த்தது. அதற்கு இடம் இருந்தது என்றால், கூட்டுப் பேரத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் ஒரு வரி இடம் இருக்காதா? தென்னாப்பிரிக்கா இரண்டையும் 1996-லேயே தன் அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டது.

ஆஸ்பத்திரி, மின்சாரம் என்னாவது என்பீர்கள். அத்தியாவசியச் சேவைகளுக்கென்று நியாயமான கட்டுப்பாட்டை, இந்த உரிமைக்கு வரம்பு வைக்கும் 19(4)-இல் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது நியாயமானதுதான் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியது அப்போது அரசின் பாடு. இன்று எல்லாப் பாடும் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பவனுக்குத்தான்.

அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா தேறாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் உங்களில் ஒருவர் கொண்டுவாருங்கள். கொண்டுவந்ததும் தகவல் சொல்லுங்கள். சங்கப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
அம்பத்தூர்