மைப் போத்தலில் மையின் வகையை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி பிறந்து வாவிக் காற்றில் ஈரம் ஏறத் தொடங்கியதும், வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருக்கும் எங்கள் பகுதிக் குடும்பங்களில் ஒரே முறைப்பாடு கேட்கத் தொடங்கிவிடும்: அச்சிட்ட தாளைக் கையில் எடுத்ததுமே மை இழுபடுகிறது. இயந்திரம் பழுதாகிவிட்டதென்று முடிவுகட்டி, அதனைத் துவாயால் சுற்றி முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு நகருக்குப் போகிறவர்கள் பலர். சென்ற மாரியில் நானும் அப்படித்தான் போனேன். போன இடத்தில் ஒரு தாளையேனும் அச்சிட்டுப் பாராமல், தாளில் மையைத் தெளிக்கும் அச்சுத்தலை போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். கேட்ட தொகைக்கு மனம் ஒப்பாததால் பிரிண்டரைத் திருப்பிக் கொண்டுவந்து, மூன்று நாட்களாக அதன் முன்னே உட்கார்ந்து பார்த்தேன். அச்சுத்தலையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

உண்மையில் நடந்தது மிகச் சிறிய விடயம். பேத்தியின் பிறந்தநாட் படங்களை அச்சிட்டபோது தாளின் வகையைப் பளபளப்பான போட்டோக் கடதாசி என்று மாற்றியிருந்தோம். பிறகு அதைச் சாதாரணத் தாளுக்குத் திருப்ப மறந்துவிட்டோம். மேற்பூச்சுள்ள போட்டோக் கடதாசிக்கு எவ்வளவு மை வேண்டுமென்று கணக்கிட்டதோ, அந்த அளவையே எண்பது கிராம் வெறுந்தாளின் மீதும் பிரிண்டர் கொட்டிக்கொண்டிருந்தது. பேத்தியின் புவியியற் பாடத்துக்காக அச்சிட்ட இலங்கைப் படத்தில் எழுத்துகள் ஓரளவு தப்பியிருந்தன. சுற்றியிருந்த நீலக் கடலோ தாளை நனைத்து நெளியச் செய்துவிட்டது. அவள் அதைப் பிடித்துத் தூக்கிய இடத்தில், திருகோணமலைக்குக் கிழக்கே பெருவிரல் அடையாளம் ஒன்று வால் நட்சத்திரம்போல நீண்டு கிடந்தது. தாளின் வகையைச் சாதாரணம் என்று மாற்றி, அச்சுத் தரத்தையும் ஒரு படி குறைத்ததும் கடல் தன் எல்லைக்குள் நின்றுகொண்டது.

எனினும் எல்லா வீட்டிலும் இதுவே காரணமாக இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. கறை எந்த வடிவில் விழுகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தாளின் நீளத்துக்குச் சம இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ திரும்பத் திரும்ப வந்தால், தாளை இழுக்கும் உருளைகளில் மை படிந்திருக்கிறது. எதுவும் அச்சிடாத வெறுந்தாள்களைச் சில தடவை உள்ளே ஓடவிட்டால் அது பெரும்பாலும் துடைபட்டுவிடும். தாளின் ஓரங்களில் மட்டும் கீறல்போல மை தேய்ந்திருந்தால், தாள் சுருண்டு மேலெழும்பி அச்சுத்தலையில் உரசுகிறது என்று கொள்ளலாம். எங்கள் மாரிக் குளிரில் ஒரு கட்டுத் தாளைப் பிரித்து யன்னலோரத்தில் வைத்துவிட்டால், இரண்டொரு நாட்களிலேயே அது ஈரத்தை உறிஞ்சி அப்பளம்போல வளைந்துவிடுகிறது. சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் நாலைந்தைச் சேர்த்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் தாளையும் உடன்வைத்து மூடிய நாள்முதல் எங்கள் வீட்டில் அந்த உரசல் இல்லை. தாளின் பின்புறம் அழுக்காகிறதென்றால், ஓரமில்லாமல் அச்சிட்டபோது தாளுக்கு வெளியே தெறித்த மை அடித்தட்டில் தேங்கியிருக்கக்கூடும். எழுத்துகள் இரட்டையாகத் தெரிவது மை இழுபடுவதே அல்ல. அதற்கு அச்சுத்தலையை நேர்ப்படுத்தும் கட்டளை பிரிண்டரின் மென்பொருளிலேயே இருக்கிறது.

இத்தனையையும் சரிபார்த்த பின்னும் மை கரைந்தால், கரைவது அதன் இயல்பு. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுவே. இங்க்ஜெட் மையில் இரு வகை உண்டு. சாய மையில் நிறம் நீரில் கரைந்த நிலையில் இருப்பதால், காய்ந்த பிறகும் ஒரு துளி நீர் பட்டால் மீண்டும் பரவும். நிறமித் துணிக்கைகள் கலந்த பிக்மென்ட் மை தாளின் மேற்பரப்பில் தங்கிக் காய்ந்து, சாதாரணத் தாளில் நீரைப் பெரிதும் தாங்கும். கறுப்பு மட்டும் பிக்மென்ட் மையாகவும் மற்ற மூன்று நிறங்களும் சாய மையாகவும் அமைந்த பிரிண்டர்கள் சந்தையில் பல இருக்கின்றன. நான்குமே சாய மையாக உள்ளவையும் இருக்கின்றன. கடந்தகால வினாத்தாளை அச்சிட்டு அதன்மேல் மஞ்சள் ஹைலைட்டரால் கோடிழுத்த பிள்ளைகளிடம் கேளுங்கள்: சாய மையாயின் கறுப்பு எழுத்து கரைந்து கோட்டையும் சேற்று நிறமாக்கிவிடும்.

வீட்டில் அச்சிட்ட விண்ணப்பப் படிவம் ஒன்றை நான் மழைநாளொன்றில் அலுவலகமொன்றுக்குக் கொண்டு சென்றேன். குடையின் நுனியிலிருந்து விழுந்த இரண்டு துளிகள் அடையாள அட்டை இலக்கத்தின் நடு மூன்று எண்களையும் அழித்துவிட்டன. வாசிக்க முடியவில்லை என்று படிவத்தைத் திருப்பித் தந்த அலுவலரை நான் குறைசொல்லமாட்டேன். அதன் பின்னர் முக்கியமான படிவமெதையும் ஒளிநகல் எடுத்தே கொண்டுபோகிறேன். தோனர் எனும் மைத்தூளை வெப்பத்தால் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் அந்த முறையில் மழைத்துளிக்கு வேலையில்லை.

குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெரிய கலனிலிருந்து சிறு போத்தல்களில் ஊற்றி விற்கப்படும் மையில் நிறத்தின் பெயரைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. கேட்டால், எல்லாப் பிரிண்டருக்கும் போடலாம் என்ற ஒரே விடைதான் வரும். அது தவறு. சாய மைக்காக அமைந்த பிரிண்டரில் பிக்மென்ட் மையை ஊற்றினால் துணிக்கைகள் அச்சுத்தலையின் நுண்துளைகளை அடைத்துவிடலாம். மை கரைகிறதே என்று வகையை மாற்றி ஊற்றுபவர், கறையைத் தீர்க்கப்போய் அச்சுத்தலையையே இழக்க நேரிடும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் துளைகள் தாமாகவே காய்ந்து அடைபடுவது போதாதென்று, இந்த அடைப்பும் சேர்ந்துகொள்கிறது. அச்சுத்தலையின் சுத்திகரிப்புக் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தாலோ, மை வீணாகி, வெளியேறும் மையை உறிஞ்சும் கழிவுமைப் பஞ்சு விரைவாக நிரம்பும்.

ஆகவே மை விற்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: வாங்க வருபவரிடம் பிரிண்டரின் மாதிரி இலக்கத்தைக் கேளுங்கள், சிறு போத்தலில் ஊற்றிக் கொடுக்கும்போது, உள்ளே இருப்பது சாய மையா பிக்மென்ட் மையா என்பதைத் தமிழில் ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். அதனை நீரில் கரையாத பேனாவால் எழுதினால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.