கே2 என்று மட்டும் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் ‘கே2 என்றால் என்ன?’ என்று கேட்டு, ‘உலகின் இரண்டாவது உயரமான சிகரம்’ என்று விடை போட்டிருந்தீர்கள். ஐந்தாவது படிக்கும் என் மகள் அதற்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தது ‘போலீஸ் ஸ்டேஷன்’. நாங்கள் அயனாவரத்துக்காரர்கள். எங்கள் காவல் நிலையத்தின் பெயரே கே2 அயனாவரம்தான். செம்பியம் கே1, மயிலாப்பூர் இ1, அடையாறு ஜே2 என்று சென்னையில் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. விடையைப் பார்த்துவிட்டு, “நான் எழுதுனது ஏன்மா தப்பு?” என்று கேட்டாள். தப்பில்லை என்றுதான் சொன்னேன். அதை உங்களிடமும் சொல்லவே இந்தக் கடிதம்.

சிகரத்தின் கதையை அவளுக்குச் சொல்ல உட்கார்ந்தபோது, அது நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குவதைப் பார்த்தேன். 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு அளந்த அடிக்கோட்டிலிருந்துதான், நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி வடக்கு நோக்கி நகர்ந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1856-ல், அதே பணியைச் சேர்ந்த தாமஸ் மான்ட்கோமரி காஷ்மீரின் ஹரமுக் மலைமேல் நின்று பார்த்தார். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு சிகரங்கள் எடுப்பாகத் தெரிந்தன. இரண்டையும் வரைந்து, காரகோரம் என்ற மலைத்தொடரின் பெயரிலுள்ள முதலெழுத்தைக் கொண்டு கே1, கே2 என்று குறித்து வைத்தார். உயரத்தில் இரண்டாவது என்பதால் வந்த 2 அல்ல அது. அவர் குறித்த வரிசையில் இரண்டாவது, அவ்வளவுதான். கே1 உண்மையில் அதைவிடக் குட்டை, 7,821 மீட்டர். அதற்கு மஷெர்புரும் என்று உள்ளூர்ப் பெயர் இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 8,611 மீட்டர் உயரமுள்ள கே2-வுக்கோ, பக்கத்து ஊர்களிலிருந்து அது கண்ணுக்கே தெரியாது என்பதால், புழக்கத்தில் ஒரு பெயர் கிடைக்கவில்லை. ஒரு சர்வேயர் தற்காலிகமாகப் போட்ட குறியே கடைசியில் பெயராகிவிட்டது. உங்கள் விடையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அதே கே2 வானத்திலும் இருக்கிறது. கெப்ளர் விண்தொலைநோக்கியின் திசையைப் பிடித்து வைக்கும் சக்கரங்களில் இரண்டு பழுதான பிறகு, மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு 2014-ல் நாசா தொடங்கிய இரண்டாவது ஆய்வுக்குப் பெயர் கே2. அண்மையில் செய்திகளில் அடிபட்ட கே2-18பி என்ற கோள் அந்த ஆய்வில் கிடைத்தது. வேதியியலில் பொட்டாசியம் டைகுரோமேட்டின் வாய்பாடும் கே2 என்றுதான் தொடங்கும். அங்கே 2 என்றால் இரண்டு பொட்டாசியம் அணு.

சரி, இதெல்லாம் தெரிந்துகொள்ள நன்றாக இருக்கும் சங்கதிகள். நான் பேனா எடுத்ததற்குக் காரணம் என் அப்பா.

அப்பாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனையை மாதாமாதம் எடுப்போம், அது மூன்றை ஒட்டி இருக்க வேண்டும், குறைந்தால் ரத்தம் சீக்கிரம் உறையும் என்பது டாக்டரின் கணக்கு. சென்ற ஆண்டு முட்டிவலி என்று புலம்பிக்கொண்டிருந்தவருக்கு, தெரிந்தவர் ஒருவர் எலும்புக்கு நல்லது என்று ஒரு மாத்திரை சொல்லியிருக்கிறார். கடையில் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். பட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் டி3, கே2. பின்பக்கத்து விவரமெல்லாம் பொடி எழுத்து, என் கண்ணுக்கே எட்டவில்லை.

அடுத்த மாதம் ஐஎன்ஆர் 1.7. டாக்டர் பதறிவிட்டார். புதிதாக என்ன சாப்பிட்டீர்கள் என்று துருவிக் கேட்டபோதுதான் இந்த மாத்திரை வெளியே வந்தது. பட்டையில் போட்டிருந்த கே2, வைட்டமின் கே-யில் ஒரு வகை. வைட்டமின் கே ரத்தத்தை உறையவைக்க உதவுவது. வார்ஃபரின் எந்த வேலையைத் தடுக்கிறதோ அதே வேலையை அது தூண்டிவிடும். கீரையைக்கூடத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அப்படியிருக்க, தினமும் ஒரு மாத்திரை.

அப்பா விவரம் தெரியாதவர் இல்லை. கே என்று பார்த்ததும் யோசித்திருக்கிறார், தன் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தும் இருக்கிறார். அதில் கே என்று போட்டு, எதிரில் 4.2, நார்மல் என்று இருந்தது. “என் உடம்புல கே சரியாத்தானே இருக்கு, சேர்த்துக்கிட்டா என்னன்னு நெனைச்சேன்” என்றார். அந்த ரிப்போர்ட்டில் இருந்த கே பொட்டாசியம்! சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த காலியம் என்ற பெயரின் முதலெழுத்து அது. வைட்டமினின் கே, டென்மார்க்கின் விஞ்ஞானி ஹென்ரிக் டாம் கொழுப்பில்லாத தீனி போட்டு வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தம் உறையாமல் போவதைக் கண்டு, உறைதலைக் குறிக்கும் கோயாகுலேஷன் என்ற சொல்லிலிருந்து வைத்தது. ஜெர்மனிலும் டேனிஷிலும் அந்தச் சொல் கே-யில் தொடங்கும். எழுத்து ஒன்று, பொருளுக்கும் பொருளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எழுபத்திரண்டு வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டு கவனமாகச் சரிபார்த்த மனிதர், அந்தக் கவனத்தாலேயே ஏமாந்தார். நல்லவேளை, வால்வில் ரத்தக்கட்டி எதுவும் சேரவில்லை. மாத்திரையை நிறுத்தி, வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்து, பழைய நிலைக்கு வர ஒரு மாதம் ஆயிற்று.

ஒவ்வொரு துறையும் தன் வசதிக்குக் குறி வைத்துக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. மலை ஏறுகிறவரிடம் கே2 என்றால் மலைதான், அயனாவரத்தில் சொன்னால் ஸ்டேஷன்தான். ஆனால் ஒரு பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போகிறது. என் மகளும் படிக்கிறாள், அப்பாவும் படிக்கிறார். அதனால்தான் கேட்கிறேன். ‘கே2 சிகரம்’, ‘வைட்டமின் கே2’, ‘கே2 காவல் நிலையம்’ என்று பக்கத்தில் ஒரே ஒரு சொல் சேர்த்துப் போடுங்கள். குறிப்பாக மருத்துவப் பக்கத்தில் தனி எழுத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். பொட்டாசியம் என்றால் பொட்டாசியம் என்றே எழுதுங்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வைட்டமின் கே பற்றி எழுதும்போதெல்லாம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்பாவின் மருத்துவ ஃபைலில், முதல் பக்கத்தில், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ‘வைட்டமின் கே வேறு, பொட்டாசியம் வேறு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். முடிந்தால் அடுத்த இதழின் சிறுவர் பக்கத்தில், போலீஸ் ஸ்டேஷன் என்பதும் சரியான விடைதான் என்று போடுங்கள். மகள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
அயனாவரம், சென்னை-23