முதல் நாளே தொகையைச் சொல்லிவிடுங்கள், டாக்டர்

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் தனியார் கிளினிக் டாக்டர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டணம் அதிகம் என்று சண்டை போட இதை எழுதவில்லை. எக்ஸ்ரே மெஷின், ராத்திரி ஆள் சம்பளம், ஃபிரிட்ஜிலேயே வைத்துக் காக்க வேண்டிய தடுப்பூசி என்று உங்களுக்கும் செலவு இருக்கிறது. நான் கேட்பது வேறு. எவ்வளவு ஆகும் என்பதை வைத்தியம் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். கன்சல்டேஷன், தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன் மாதிரி வாடிக்கையான வேலைகளுக்கு ஒரு போர்டு. மற்றதற்கு ஒரு தாளில் உத்தேசக் கணக்கு.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு நாட்டு நாய்க்குட்டி வளர்த்தார். வாந்தி, ரத்தபேதி. குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார்கள். முன்னங்காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். “மொத்தம் எவ்வளவு சார் ஆகும்?” என்று கேட்டதற்கு, “முதல்ல பிழைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பதில். சாயங்காலம் துண்டுச் சீட்டில் ஒரு தொகை. மறுநாள் இன்னொரு சீட்டு, முந்தையதைவிடக் கூடுதலாக. இது எங்கே போய் முடியுமோ என்று பயந்து, காலில் ஒட்டிய பிளாஸ்டரோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அது பிழைக்கவில்லை.

நீர் வற்றாமல் டிரிப் ஏற்றி, வாந்தியை அடக்கி, வேறு கிருமி தொற்றாமல் பார்த்து, குடல் ஆறும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் பார்வோவுக்கு வைத்தியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பல நாள் பிடிக்கும். பாதியில் நிறுத்தினால் கட்டிய பணமும் போச்சு, குட்டியும் போச்சு. “நாலைந்து நாள் ஆகலாம், குறைந்தது இவ்வளவு, சிக்கலானால் இவ்வளவு, அப்படியும் உறுதி சொல்ல முடியாது” என்று முதல் நாளே சொல்லியிருந்தால், அவர் மனைவி மகளிர் குழுவில் கடன் கேட்டிருப்பார். முடியாது என்றால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

அந்த வழியையும் கூச்சப்படாமல் நீங்களே சொல்லலாம். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மாட்டாஸ்பத்திரியில் நாயைப் பார்ப்பார்களா என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

மனிதர்களுக்குப் பார்க்கும் டாக்டர்கள் கட்டணத்தைப் போர்டில் எழுதி வைக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. எத்தனை பேர் வைக்கிறார்கள் என்பது வேறு கதை. நீங்கள் அவர்களை முந்திக்கொள்ளலாமே.

போர்டு வைக்கும்போது, மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் வாங்கிய பதிவு எண்ணையும் பெரிதாக எழுதுங்கள். குட்டி விற்கிறவரே ஊசியும் போட்டு, தடுப்பூசி அட்டையில் கையெழுத்தும் கிறுக்கிக் கொடுக்கிற ஊர் இது. படித்த டாக்டர் யார், கைப்பழக்கத்தில் போடுகிறவர் யார் என்று சனங்களுக்கு எப்படித் தெரியும்? மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி, தேதி போட்டு, பதிவு எண்ணோடு முத்திரை குத்தினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், குட்டியை முதல்முறை கொண்டுவருகிறவரிடம் அந்த வருஷச் செலவை எழுதிக் கொடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பூஸ்டர், மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ், இடையிடையே பூச்சி மருந்து, உண்ணி மருந்து. பெட்டை என்றால் கருத்தடை ஆபரேஷன். அதைத் தள்ளிப்போட்டு, வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடித்து அவசர ஆபரேஷனுக்கு ஓடினால் செலவும் ஆபத்தும் பல மடங்கு. தொகை முன்பே தெரிந்தால் சீட்டுக் கட்டுகிற மாதிரி மாதாமாதம் எடுத்து வைப்போம்.

தொகையைச் சொன்னால் பேரம் பேசுவார்கள், பக்கத்துக் கிளினிக்கோடு ஒப்பிடுவார்கள் என்று நீங்கள் தயங்கலாம். இப்போதும் அதைத்தானே செய்கிறார்கள், பில் வந்த பிறகு, கோபத்தோடு? பெரிய போர்டுகூட வேண்டாம். ஒரு ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து கவுன்டரில் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு நாயும் இரண்டு பூனைகளும் வளர்க்கும் ஒருவர்,
கும்பகோணம்