ஆடி முடியும் வரை பொறுங்கள்: கோயில் வாசல் பனைகளுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், அறங்காவலர் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் நமது கோயில் வாட்ஸப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்தேன். வாசலில் பட்டுப்போய் நிற்கும் மூன்று பனைகளும் வரும் சனிக்கிழமை அகற்றப்படும், அந்த இடத்தில் அழகிய செயற்கைப் பனைகள் நிறுவப்படும், உபயகாரர்கள் பொருளாளரைத் தொடர்புகொள்ளலாம் என்று இருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டுக் கைகூப்பியவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

மரங்கள் பட்டுப்போகவில்லை. செயலாளர் ஐயாவிடம் இதை நேரிலேயே சொன்னேன். "கூட்டத்தில் வைக்கிறோம்" என்றார். கூட்டம் நடந்தது. வைத்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஆடி முடியும் வரை அந்த மரங்களில் கை வைக்காதீர்கள்.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். சபையில் பாதிப்பேர் அன்றும் இருந்தவர்கள்தான். வாசலில் நம் ஊர்ப் பனை நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், கடற்காற்றின் சூடுகூட எட்டாத ஊரில், ஊர்ப் பனை ஒரு மாரியைத் தாண்டாது என்றதும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். லாரியில் வந்து இறங்கிய அந்த இரண்டு கேனரித் தீவு ஈச்சமரங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விலையையும் மறந்திருக்க மாட்டீர்கள். பார்க்க ராஜகம்பீரம்தான். ஆனால் மைனஸ் 6, 7 என்று வந்தாலே ஓலை கருகும் மரம் அது. 2022 டிசம்பரில் நாள்கணக்கில் உறைபனி இறுகிக் கிடந்தபோது இரண்டும் அழுகிச் சாய்ந்தன. அதே குளிரில், பக்கச் சுவரோரம் யாரும் கவனிக்காமல் நின்ற மூன்று சீனப் பனைகள் ஓர் ஓலையைக்கூட இழக்கவில்லை. பிறகு அவற்றைத்தான் பெயர்த்து வாசலில் வைத்தோம். இன்று நீங்கள் வெட்டப் போவதும் அவற்றைத்தான்.

டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி என்ற இந்த மரத்துக்கு இங்கிலாந்து புதிது இல்லை. ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவரம் சேகரிப்பவர் 1849இல் சீனாவிலிருந்து அனுப்பிய கன்றுகள் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கும், விக்டோரியா மகாராணியின் ஆஸ்போர்ன் மாளிகைத் தோட்டத்துக்கும் போயின. ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் லோகன் தாவரவியல் தோட்டத்தில் இவை தோப்பாகவே நிற்கின்றன. போன கூட்டத்தில் ஒருவர் "சீன மரம் கோயிலுக்கு ஆகாது" என்றாராம். அவருக்காக ஒன்று சொல்கிறேன். இதே இனத்தின் உடன்பிறப்பான டிராக்கிகார்பஸ் தாகில், உத்தராகண்டில் குமாவுன் மலையில் 2000 மீட்டருக்கு மேலே, குளிர்காலத்தில் பனி விழும் சரிவுகளில் தானாக வளர்கிறது. கைலாய யாத்திரை போகிற வழிதான். இப்போது ஆகுமா?

சரி, இவ்வளவு குளிர் தாங்கும் மரம் இந்த வருஷம் ஏன் பழுப்பாகிப் போனது என்று கேட்பீர்கள். அதற்கான பதில் உங்களிடமே இருக்கிறது.

வேரூன்றிய சீனப் பனை மைனஸ் 10, 12 வரை பெரிய சேதமில்லாமல் தாங்கும். குளிர் மட்டும் என்றால் அதற்குக் கவலை இல்லை. குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதுதான் எமன். நடுக் குருத்தில் மழைநீர் இறங்கி, அது உறைந்து, உருகி, மறுபடி உறைந்தால் குருத்தின் அடி அழுகும். பெயர்த்து நட்ட மரத்துக்கு வேர் இன்னும் பிடிபடாததால் கூடுதல் கவனம் வேண்டும். அதனால் மார்கழி தொடங்கும் முன்பே ஓலைகளையெல்லாம் மேலே தூக்கிக் கயிற்றால் கட்டி, குருத்தைச் சுற்றி வைக்கோல் செருகி, காற்றுப் போகும் வெள்ளைத் தோட்டத்துணியைச் சுற்றி, தலைக்கு மழை இறங்காமல் வாளி கவிழ்த்து வைத்தேன். பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே வியர்த்து அழுகும், அதனால்தான் துணி. உள்ளே பழைய மஞ்சள் குண்டு பல்புச் சரம் ஒன்றும் ஓட விட்டிருந்தேன். அந்தச் சரத்தைக் கழற்றிவிட்டு எல்இடி சரம் போட்டது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. மின்சாரம் மிச்சம்தான். சூடு பூஜ்ஜியம்.

அப்புறம் தைப்பொங்கல் வந்தது.

நகர மேயர் விருந்தினராக வருகிறார் என்றதும் சபைக்கு வாசல் கண்ணில் பட்டது. "வெள்ளைத் துணி சுற்றிப் பிணம் நிறுத்தி வைத்தது மாதிரி இருக்கிறது, நல்ல நாளும் அதுவுமாய்" என்று ஒரு பெரியவர் சொன்னாராம். உடனே இளைஞர்களை அனுப்பினீர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சொன்னதைச் செய்தார்கள். கயிறு முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கத்தரிக்கோலால் வெட்டியதில் துணியோடு சேர்ந்து பச்சை ஓலைக் காம்புகளும் போயின. வைக்கோலைப் பெருக்கிக் குப்பையில் போட்டார்கள். கீழே கிடந்த விசிறி ஓலைகள் வீணாக வேண்டாமே என்று மண்டபத்து வாசலில் தோரணமாகக் கட்டினீர்கள். படியில் யாரும் வழுக்கக் கூடாது என்று கல்லுப்பைக் கொட்டினீர்கள், அது மரத்தின் அடி வரை சிதறிக் கிடந்தது. மேயர் வந்தார், பொங்கல் சாப்பிட்டார், படம் எடுத்தார்கள், போய்விட்டார். மாலையில் ஆலங்கட்டியும் மழையுமாகத் தூறி, இரவு வானம் வெளித்து, மைனஸ் 7. அந்த வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தது. நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது மூன்றின் குருத்திலும் பனிக்கட்டி நின்றது.

மேயருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மரத்தின் போர்வையைக் கழற்றினீர்கள்.

அழுகல் கையில் பட்டபோது எப்படி இருந்தது என்று கேட்டால், நடு மரத்தின் குருத்தோலையைச் சும்மா இரு விரலால் பிடித்தேன், இழுக்கக்கூட இல்லை, அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடி முழுக்கப் பழுப்புக் கூழ். புளித்த மாவும் சாக்கடையும் கலந்த நாற்றம். உள்ளே இருந்ததை வழித்து எடுத்து, மருந்துக்கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினேன். நுரை அடங்கும் வரை நின்று, காயவிட்டு, மறுபடி வாளியைக் கவிழ்த்தேன். குளிர்நாட்டில் பனை வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் இது. அந்த வாளியையும் போன மாதம் யாரோ எடுத்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிறைந்த சபை இது. ஷெல் விழுந்து தலை போன பனைகள் வரிசையாக நின்றதைப் பார்த்த நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பனைக்குக் கிளை கிடையாது, ஒரே தலை, அது போனால் மரம் போயிற்று. ஆனால் இங்கே தலை போகவில்லை. குருத்தோலை அழுகி வந்தாலும், அதற்கும் கீழே தண்டுக்குள் இருக்கும் முளை உயிரோடிருந்தால் மரம் மறுபடி ஓலை விடும். அந்த முளை வெளியே தெரிய வெயில் வேண்டும். இந்த ஊரில் அதற்கு ஆடி ஆகும். முதலில் வரும் ஓலை குட்டையாக, நுனி கத்தரித்த மாதிரி இருக்கும். அதற்கடுத்தவை சரியாகிவிடும். அதனால்தான் ஆடி முடியும் வரை என்று தவணை கேட்கிறேன்.

மற்ற இரண்டு மரங்களுக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. பங்குனித் தொடக்கத்தில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவால் குருத்தின் மேலும் அதை ஒட்டிய காம்பின் மேலும் சேர்த்து நேர்கோடு போட்டேன். காம்பு அசையாது, குருத்து வளர்ந்தால் அதிலுள்ள கோடு மட்டும் மேலே போகும். இப்போது போய்ப் பாருங்கள். ஒரு விரற்கடை மேலே போயிருக்கிறது. ஓலை பழுப்பாக இருப்பதைப் பார்த்துப் "பட்டுவிட்டது" என்று தீர்மானம் போட்டவர்கள், ஏணி வைத்து அந்தக் கோட்டையும் ஒருமுறை பார்த்திருக்கலாம். ஏணி வாகன அறையில் இருக்கிறது. உயிரோடு இருப்பதை வெட்டுவதற்குச் சபையில் தீர்மானம் போதுமா, மகாசபை கூட்ட வேண்டாமா என்பதையும் யாராவது யோசித்தால் நல்லது. ஆனால் மகாசபை கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். வாகனத் தரிப்பிடக் கணக்கு, மண்டப வாடகை, ஒவ்வொரு விழாவிலும் அரைமணி நேரம் நீளும் பொன்னாடை வரிசை, உபயகாரர் பெயர் ஓடுகிற அந்த மின்பலகை... வேண்டாம், விடுங்கள். மரத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

செயற்கைப் பனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்குத் தண்ணீர் வேண்டாம், குளிர் படாது, சருகு உதிராது, உண்மைதான். தல விருட்சம் என்று சுற்றி வருகிறவர்கள் அதையும் சுற்ற வேண்டுமா? கும்பாபிஷேகத்தில் அதற்கும் கலசநீர் உண்டா, அல்லது கண்ணாடி துடைக்கும் திரவம் போதுமா? வெளிறிப்போனால் பிராயச்சித்தம் என்ன, உத்தரவாதக் காலம் எத்தனை வருஷம்? சுவிட்சர்லாந்தில் இந்தச் சீனப் பனை டிசினோ காடுகளில் தானாகப் பரவிக் கட்டுக்கடங்காமல் போனதால் 2024 செப்டம்பர் 1 முதல் அதை விற்கவே தடை போட்டுவிட்டார்கள். இதை ஒழிக்க வழி தேடி அங்கே திண்டாடுகிறார்கள். நம் சபையிடம் கேட்டிருந்தால் ஒரே பொங்கலில் செய்து காட்டியிருப்போம்.

மன்னிக்கவும். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஆடித் திருவிழாவுக்கு வாசல் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்ற உங்கள் கவலை எனக்கும் புரிகிறது. முழுக்கக் காய்ந்த ஓலைகளை மட்டும் நானே வெட்டிச் சுத்தம் செய்கிறேன். பாதி பச்சை இருப்பதை விட்டுவிடுவோம், மரம் இப்போது அதை வைத்துத்தான் பிழைக்கிறது. மரங்களுக்கு முன்னால் வாழைமரம் கட்டுங்கள், மாவிலைத் தோரணம் போடுங்கள், கோலம் போடுங்கள், யார் கண்ணும் பின்னால் போகாது. சரவிளக்குத் தொங்கவிட மட்டும் தண்டில் ஆணி அடிக்காதீர்கள். மா, வேம்பு போலப் பனைக்குப் பட்டை மூடிக் காயம் ஆறாது, அடித்த ஆணி ஓட்டை கடைசி வரை ஓட்டைதான். உப்பு சிதறிய மண்ணை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தோட்டக் குழாயின் சாவியைத் திருப்பித் தந்தால் இந்த வாரமே செய்துவிடுவேன்.

ஆடி முடிந்தும் நடு மரம் ஓலை விடவில்லை என்றால் நானே வந்து வெட்டித் தருகிறேன், அதே இடத்தில் புதுக் கன்றும் என் செலவில் வைக்கிறேன். திருவோத்தூரில் ஆண்பனையைக் காய்க்க வைத்தார் சம்பந்தர். அவரைப் பாடும் கோயிலில் நின்றுகொண்டு நான் அற்புதம் எதுவும் கேட்கவில்லை. ஆடி முடியும் வரை ஒரு தவணை கேட்கிறேன்.

சனிக்கிழமை வரும் மரம் வெட்டும் ஆளுக்கு வெள்ளிக்கிழமைக்குள் தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிடும்படி செயலாளர் ஐயாவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் கொடுத்திருந்தால் அதை நான் தருகிறேன். அந்தக் கறுப்பு வாளியை எடுத்தவர் யாராக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் கேட்க மாட்டேன், நடு மரத்தின் தலையில் கவிழ்த்து வைத்துவிட்டால் போதும். நாளை மறுநாள் மழை என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கோயில் தோட்டத் தொண்டன்