ரொறன்ரோவின் தமிழ் வீட்டு முகவர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும்: ஒப்பந்தத்தில் ரேடானுக்கு இடம் கொடுங்கள்

மதிப்புக்குரிய முகவர்களே, சட்டத்தரணிகளே,

வணக்கம். இந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் வீடு வாங்க நினைத்தால் முதலில் உங்களில் ஒருவரைத்தான் அழைக்கிறது. பாடசாலை எப்படி, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், கூரைக்கு எத்தனை வயது, வாசல் எந்தத் திசை என்று எல்லாவற்றையும் உங்களிடமே கேட்கிறோம். பேஸ்மென்டுக்குத் தனி வாசல் உண்டா என்பது தவறாமல் வரும் கேள்வி. அந்தப் பேஸ்மென்டின் காற்றில் ரேடான் எவ்வளவு என்று நாங்கள் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. அதற்காகவே இந்த மடல்.

மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே இருக்கும் யுரேனியம் காலப்போக்கில் சிதைந்து ரேடியமாகிறது. அந்த ரேடியத்திலிருந்து பிறக்கும் கதிரியக்க வாயு ரேடான். நிறம் கிடையாது, மணமும் கிடையாது. திறந்தவெளியில் காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். வீட்டுக்கு அடியில் பிறந்தால் தரையின் விரிசல் வழியாகவும், குழாய்கள் நுழையும் துளைகள் வழியாகவும், தரையடி நீர் சேர்வதற்காக மாடிப்படிக்குக் கீழே தோண்டி, மூடியில்லாமல் கிடக்கும் சம்ப் குழி வழியாகவும் உள்ளே வரும். குளிர்காலத்தில் யன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு வீட்டைச் சூடாக்குகிறோம். சூடான காற்று மேலெழுந்து கூரைப் பக்கமாகக் கசிய, அந்த இடத்தை நிரப்ப வீடு மண்ணிலிருந்து காற்றை இழுக்கிறது. அடுப்புக்கு மேலுள்ள விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு நண்டுக்கறி வைக்கும் நாளில் அந்த இழுவை இன்னும் கூடலாம்.

நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த பெரிய காரணம் இந்த வாயுதான். கனடாவில் அந்த நோயால் நேரும் மரணங்களில் 16 சதவீதம் ரேடானால் வருபவை என்கிறது மத்திய சுகாதாரத் திணைக்களம். ஆண்டுக்கு 3,000 உயிர்களுக்கும் மேல். மிகையான அளவை வாழ்நாள் முழுவதும் சுவாசித்தால், புகைபிடிக்காத இருபது பேரில் ஒருவருக்கும் புகைபிடிக்கும் மூவரில் ஒருவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும் என்பதும் அவர்களுடைய கணக்குத்தான்.

எல்லைக்குள் இருக்கும் வீடுகளே அதிகம் என்பது உண்மை. ஆனால், கன மீற்றர் காற்றுக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற கனடிய வழிகாட்டி அளவை எட்டிய அல்லது தாண்டிய வீடுகள் 2009 முதல் 2011 வரை நடந்த ஆய்வில் ஏறத்தாழ 7 சதவீதம். 2024இல் வெளியான நாடளாவிய ஆய்வில் ஏறத்தாழ 18 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதோ 100 பெக்கரல். பக்கத்து வீட்டில் குறைவு என்பதால் நம் வீட்டிலும் குறைவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு வீடுகளில்கூட அளவு பெரிதும் வேறுபடலாம். அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

அமெரிக்கா இதைக் கண்டுகொண்டதே ஒரு தற்செயலால்தான். 1984 டிசம்பரில், பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் வேலை செய்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அது அலறியது. நிலையம் இன்னும் இயங்கத் தொடங்கவேயில்லை. தேடிப் பார்த்ததில், கதிரியக்கம் அவரோடு வீட்டிலிருந்தே வந்திருந்தது. அந்த வீட்டின் ரேடான் அளவு வீட்டைச் சீராக்கச் சொல்லும் இன்றைய அமெரிக்க எல்லையைப் போல் 600 மடங்குக்கும் மேல். இன்று அங்கே பல மாநிலங்களில் வீடு வாங்கும்போது ரேடான் பரிசோதனை வழக்கமான ஒன்று. நியூ ஜேர்சியில், முன்பே பரிசோதித்திருந்தால் அதன் முடிவை விற்பவர் வாங்குபவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

இங்கே ஏன் முடியவில்லை? நீங்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும், அது நியாயமானதும்கூட. அங்கே இரண்டு, மூன்று நாள் பரிசோதனையை வைத்து முடிவெடுக்கிறார்கள். இங்கே சுகாதாரத் திணைக்களம் குறைந்தது 91 நாட்கள், அதுவும் குளிர்காலத்தில், அளக்கச் சொல்கிறது. ரேடான் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்பதால் இதுதான் சரியான முறை. ஆனால் வாங்குபவரின் ஒஃபருக்குப் பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது ஒரு மாலைப்பொழுது. போட்டி சூடுபிடித்தால் வழக்கமான வீட்டுப் பரிசோதனையையே விட்டுக்கொடுக்கச் சொல்லும் சந்தை இது. மூன்று மாதம் காத்திருங்கள் என்று எந்த விற்பனையாளரிடம் போய்ச் சொல்வது?

காத்திருக்க வேண்டியதில்லை. வீடு கைமாறட்டும், விற்பவருக்குச் சேரவேண்டிய பணத்தில் ஒரு சிறு தொகை மட்டும் சட்டத்தரணியின் நம்பிக்கைக் கணக்கில் (trust account) நிற்கட்டும். ரேடானைக் குறைக்க வீட்டைச் சீராக்கும் செலவுக்குப் போதுமான தொகை, பெரும்பாலும் சில ஆயிரம் டொலர். வாங்கியவர் குடிபுகுந்த பின் பரிசோதிப்பார். 200ஐத் தாண்டினால் அந்தப் பணத்தில் சீராக்குவார். மீதி விற்றவருக்குப் போகும். தாண்டாவிட்டால் முழுப் பணமும் விற்றவருக்கே. இந்த ஏற்பாடு கனடாவில் ஏற்கனவே அறியப்பட்ட ஒன்று. மே மாதத்தில் கைமாறும் வீட்டுக்குப் பரிசோதனை ஒக்டோபரில்தான் தொடங்கும் என்பதால், காலக்கெடுவை அடுத்த வசந்தம் வரை நீட்டி எழுத வேண்டும். சட்டத்தரணிகளே, இதைப் பிழையில்லாமல் எழுத உங்களால்தான் முடியும்.

பரிசோதனையும் சீராக்கலும் பெரிய வேலைகள் அல்ல. பரிசோதனைக் கருவி உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் வில்லை. மின்சாரம் வேண்டாம், சத்தமும் இல்லை. ஆட்கள் அதிக நேரம் இருக்கும் கீழ்த்தளத்து அறையில், மூச்சு விடும் உயரத்தில், யன்னலுக்கு விலகி வைத்துவிட்டுப் பிறகு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். அளவு கூடியிருந்தால், சான்றுபெற்ற ஒருவர் பேஸ்மென்டின் கொங்கிரீட் தரையில் துளையிட்டு, குழாயைப் பொருத்தி, இருபத்துநான்கு மணிநேரமும் ஓடும் சிறு விசிறியால் மண்ணின் காற்றை வெளியே தள்ளிவிடுவார். குழாயில் U வடிவிலான சிறிய வளைவு ஒன்றில் நிறத் திரவம் இருக்கும். இரு பக்கமும் சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான வீடுகளில் இதனால் ரேடான் 80 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது.

புது வீடு விற்கும் முகவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கான டேரியன் (Tarion) உத்தரவாதம் முதல் ஏழு ஆண்டுகளுக்கு ரேடானையும் உள்ளடக்குகிறது. வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் கிடைத்ததில்லை.

என்னை மிகவும் வருத்துவது பேஸ்மென்டில் யார் வாழ்கிறார்கள் என்பதுதான். கடனைக் கட்ட அதை வாடகைக்கு விடச் சொல்லி நீங்களே கணக்குப் போட்டுக் கொடுக்கிறீர்கள். அங்கே குடிவருபவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த மாணவர்கள், புதிதாக மணமானவர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார். வாடகைக்கு விடாத வீடுகளில் அம்மா, அப்பாவின் கட்டில் அங்கே இருக்கிறது. வீட்டிலேயே ரேடான் பெரும்பாலும் அதிகமாகச் சேரும் தளத்தில் நாளில் அதிக நேரம் இருப்பவர்கள் இவர்கள்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேசையில் இவர்களுக்கு இடம் இல்லை. அங்கே இருப்பவர்கள் நீங்கள்.

வரும் ஒக்டோபருக்கு முன்னால் இவற்றைச் செய்யுங்கள். விற்பவரிடம் “இந்த வீட்டில் ரேடான் அளந்ததுண்டா, முடிவு என்ன?” என்று எழுத்தில் கேளுங்கள். நிறுத்தி வைக்கும் தொகைக்கான வாசகத்தைச் சட்டத்தரணிகள் கூடி ஒரு பொது வரைவாக எழுதி, தமிழில் விளக்கத்தோடு எல்லா முகவர்களுக்கும் கொடுங்கள். வீடு குடிபுகும் நாளில் நீங்கள் கொடுக்கும் பழக்கூடையோடு அந்தப் பரிசோதனை வில்லையையும் வையுங்கள். அதன் விலை பெரும்பாலும் கூடையின் விலையைத் தாண்டாது.

இப்படிக்கு,
ஏஜாக்ஸிலிருந்து, உங்களில் ஒருவர் வழியாக வீடு வாங்கிய ஒரு தமிழர்