பழங்குடிகள் எந்த அறைவரை போக முடிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரேசிலின் பெலேமில் 2025 நவம்பரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுச் செய்திகளில், இறகுத் தலையணி சூடிய அமேசான் பழங்குடிகளின் படங்கள் நிறைய வந்தன. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எந்த அறைவரை அவர்களால் போக முடிந்தது என்பதையே நாம் கேட்க வேண்டும்.

பழங்குடி அமைப்புகள் 2001 முதல் ஐ.நா. காலநிலைப் பேச்சுவார்த்தையில் தனிப் பிரிவு. ஆனால் பார்வையாளர்கள்தான், முடிவெடுப்பதில் பங்கில்லை. ஒவ்வொரு பொருளையும் நாடுகள் பேசித் தீர்க்கும் தொடர்புக் குழுக் கூட்டங்களில், மூன்றில் ஒரு பங்கு நாடுகள் ஆட்சேபிக்காதவரை, உட்காரலாம். முறைசாராக் கூட்டங்களிலோ பெரும்பாலும் முதல் அமர்வுக்கும் கடைசி அமர்வுக்கும்தான் கதவு திறந்திருக்கும். காரியம் நடப்பதெல்லாம் இடைப்பட்ட அமர்வுகளில். உடன்பாடு எட்டாத சொற்கள் வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். குறியை எடுப்பதா, சொல்லையே எடுப்பதா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. உள்ளே போனவர்களுக்கும் மொழி ஒரு தடை: மொழிபெயர்ப்பு வசதி பொது அவையோடு நின்றுவிடும், இந்த அறைகளில் ஆங்கிலம் மட்டுமே.

2015 பாரிஸில் நேர்ந்ததும் இதுதான். வரைவின் 2-ஆவது உறுப்பில் அடைப்புக்குறிக்குள் நின்ற ‘பழங்குடிகளின் உரிமைகள்’ என்ற சொற்கள், இறுதி உடன்படிக்கையில் முகவுரைக்குப் போய்விட்டன. முகவுரையைக் காட்டி எந்த அரசையும் எதையும் செய்யவைக்க முடியாது. அதே உடன்படிக்கையின் 7-ஆவது உறுப்பு, காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்ளப் பழங்குடிகளின் அறிவைப் பயன்படுத்தச் சொல்கிறது. அவர்களுடைய அறிவை எடுத்துக்கொண்டு உரிமையை ஒதுக்கிவைப்பது அநியாயம்.

2018-இல் போலந்தின் கட்டோவிட்சே மாநாட்டில் அமைந்த 14 பேர் பணிக்குழுவில் 7 பேர் பழங்குடிகள், 7 பேர் நாடுகளின் பிரதிநிதிகள். சரிபாதி! இதுவரை கிடைத்ததில் உருப்படியானது இதுவே. ஆனால் அதன் வேலை அறிவுப் பரிமாற்றம். ஒப்பந்த வாசகத்தில் அதற்குக் கையில்லை.

நிதியிலும் இதே நிலைதான். 2021 கிளாஸ்கோ மாநாட்டில், பழங்குடிகளின், உள்ளூர்ச் சமூகங்களின் காட்டு நில உரிமைக்காக 170 கோடி டாலர் தருவதாகச் சில நாடுகளும் அறக்கட்டளைகளும் உறுதியளித்தன. முதலாண்டில் வழங்கியதில் அவர்களின் அமைப்புகளுக்கு நேரடியாகச் சேர்ந்தது 7 சதவீதம்தான். பதிவுச் சான்று, தணிக்கைக் கணக்கு, ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எல்லாம் கேட்டால், பணம் இடைத்தரகு நிறுவனங்களிடம்தான் போய் நிற்கும்.

பழங்குடி நிலத்தில் ஒரு திட்டம் வருமுன் அவர்களின் ஒப்புதலை எப்படிப் பெறுவது என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. வன உரிமைச் சட்ட விதிகளின்படி கிராம சபையில் பாதி உறுப்பினராவது கூட வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து, ஒடிசாவின் நியம்கிரியில் கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன; சுரங்கம் வரவில்லை.

முறைசாராக் கூட்டங்கள் எல்லா நாளும் பழங்குடிப் பிரதிநிதிகளுக்குத் திறந்திருக்க வேண்டும், பழங்குடி நிலத்தைத் தொடும் எந்தக் காலநிலைத் திட்டத்துக்கும் இத்தகைய சபைத் தீர்மானம் இல்லாமல் பணம் விடுவிக்கக் கூடாது. இந்த இரண்டையும் அடுத்த மாநாட்டில் இந்தியக் குழு எழுத்தில் முன்மொழிய வேண்டும்.

வாசகர்கள் மூவர்,
கோத்தகிரி